மாங்குளத்துத் தண்டவாளம் யாருக்குச் சொந்தம்?

எங்கள் பாடசாலையின் மணி ஒரு தண்டவாளத் துண்டு. இரண்டு முழ நீளம் இருக்கும். வேப்பமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். காலை ஏழரைக்கு ஒரு மாணவன் இரும்புக் கோலால் ஓங்கி அடிப்பான். ஓசை வயலைத் தாண்டிக் குளக்கட்டு வரை கேட்கும். இலங்கையின் வடக்கே, இந்த வன்னியில், இப்படிப்பட்ட மணிகள் பல உண்டு. 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. அதன்பிறகு தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயின. பெரும்பகுதி பதுங்குகுழிகளின் கூரையாயிற்று. சில துண்டுகள் வாய்க்காலுக்குப் பாலமாகின, சில மாட்டுக்கொட்டிலுக்குத் தூணாகின. மிஞ்சியதில் ஒன்று எங்கள் மணி.

2025 ஆகஸ்ட் விடுமுறையில் அக்காவின் மகன் லண்டனில் இருந்து வந்திருந்தான். மூன்று வயதில் இங்கிருந்து போனவன், இப்போது கணக்காளர். பாடசாலையைக் காட்ட அழைத்துப் போனேன். அவன் மணியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது யாருடைய இரும்பு?" என்று கேட்டான். சட்டப்படி பார்த்தால் ரயில்வே திணைக்களத்தினுடையது என்றேன். அன்று மாலை முற்றத்தில் இருந்து கதைக்கும்போது அந்தப் பேச்சு நீண்டது. நட்டத்தில் ஓடுகிற ரயிலை அரசாங்கம் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நல்ல கம்பனி ஒன்றிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டான். அவனுக்குச் சொன்னவற்றையும், அன்று வாய்க்கு வராமல் பிறகு யோசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ரயில்வேயில் பாதைத் தொழிலாளி. அலவாங்கும் சம்மட்டியும் சல்லிக்கல்லும்தான் அவருடைய உலகம். மாங்குளத்தில் இருந்து தெற்கே நாலு மைல் பாதை அவருடைய கூட்டத்தின் பொறுப்பு. விடியும் முன்னரே ஒருவர் அந்த நாலு மைலையும் நடந்து பார்த்துவர வேண்டும். தளர்ந்த ஆணியைத் தட்டி இறுக்குவார். மழை சல்லியை அரித்துச் சென்ற இடத்தில் சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு ஆளனுப்புவார். சின்ன வயதில் சோற்றுப் பாத்திரத்தோடு நானும் போயிருக்கிறேன். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் யாழ்தேவி ரயில் வரும்போது எல்லாரும் கரையில் ஒதுங்கி நிற்பார்கள். நான் யன்னல்களில் தெரியும் முகங்களைப் பார்ப்பேன். அப்பாவும் கூட்டாளிகளும் ரயிலைப் பார்க்கவே மாட்டார்கள். சில்லு ஏறும்போது சிலிப்பர் எவ்வளவு அமிழ்கிறது, ஏறி இறங்கியபின் பழைய இடத்துக்கு வருகிறதா என்பதில்தான் அவர்களுடைய கண்.

1987இல் அப்பா ஓய்வு பெற்றார். மூன்றே ஆண்டில் ரயில் இல்லாமற் போயிற்று. அவர் காத்த நாலு மைலையும் பற்றை மூடியது. ஆனால் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் சீமெந்துக்கும் பற்றறிக்கும் தடை இருந்த காலம் அது. மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்கு இடம்பெயர்ந்தோம். பிறகு புதுக்குடியிருப்பு. போன இடமெல்லாம், மாதம் தப்பியேனும், அந்தக் காசு எங்களைத் தேடி வந்தது. 2003இல் அப்பா காலமானார். அதன்பிறகு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் அம்மாவின் பெயருக்கு வந்தது. போர் நடத்திக்கொண்டிருந்த ஓர் அரசு, தன் கையில் இல்லாத ஊரில், ஓடாத ரயிலின் தொழிலாளிக்குப் பணம் அனுப்பியது. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன்.

இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்ல வரவில்லை. மேலே விமானத்தில் இருந்து குண்டு போட்டதும் அதே அரசுதான். நான் சொல்வது சொத்துரிமையைப் பற்றி. 1990இல் இந்தப் பாதை ஒரு கம்பனியின் கையில் இருந்திருந்தால், அந்த ஆண்டே வன்னிக் கணக்கு மூடப்பட்டிருக்கும். காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பங்குதாரருக்கு விளக்கக் கடிதம் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அதில் பிழையும் இல்லை. இலாபம் வராத இடத்தில் இருந்து வெளியேறுவது கம்பனியின் கடமை. அரசால் அப்படி வெளியேற முடியாது. தனக்கு விருப்பமில்லாத போதும் அதற்கு இந்த ஊர் சொந்தம்.

இந்தத் தீவின் ரயில் கதையே ஒரு கம்பனியின் தோல்வியில்தான் தொடங்குகிறது. கண்டிக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக 1845இல் லண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி தொடங்கப்பட்டது. 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவுக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அரசு கம்பனியை விலக்கிவிட்டுத் தானே வேலையைக் கையிலெடுத்தது. 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பில் இருந்து அம்பேபுசவுக்கு முதல் ரயில் ஓடியபோது அது அரசின் ரயில். அன்று முதல் இன்று வரை அப்படித்தான்.

வடக்குப் பாதை இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. கோப்பியும் தேயிலையும் விளையாத பக்கம் என்பதால் யாருக்கும் அவசரமில்லை. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடியது. 1905இல் தெற்கோடு இணைந்தது. வன்னிக்காக யாரும் தண்டவாளம் போடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழியில் வன்னி கிடந்தது. காடும் மலேரியாவும் சிதறிய குளக்கிராமங்களும்தான் அன்று இங்கே. ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் ஏறி இறங்குகிறவர்களின் டிக்கெட் காசை எண்ணிப் பார்த்து எந்த வியாபாரியும் ஒரு நிலையம் கட்டியிருக்க மாட்டான். மன்னார்ப் பக்கத்துப் பாதையும் அப்படித்தான். 1914இல் தலைமன்னார் வரை பாதை போட்டதும் பாம்பன் பாலம் கட்டியதும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்குவதற்காக. செட்டிகுளமும் மடு வீதியும் முருங்கனும் இடையில் கிடைத்த பயன்கள்.

போர் முடிந்தபின் நடந்ததையும் பாருங்கள். ஓமந்தையில் இருந்து பளைக்கு 90 கிலோமீற்றர், பளையில் இருந்து காங்கேசன்துறைக்கு 56, மதவாச்சியில் இருந்து மடுவுக்கு 43, மடுவில் இருந்து தலைமன்னாருக்கு 63. மொத்தம் 252 கிலோமீற்றர் பாதையைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கண்ணிவெடி அகற்றிய மண்ணில் சல்லி கொட்டி, கொங்கிறீற்று சிலிப்பர் அடுக்கினார்கள். வேலையைச் செய்தது இர்கொன், இந்திய அரசின் நிறுவனம். பணம் இந்திய அரசின் கடன். கடனாளி இலங்கை அரசு. 2013 செப்டம்பர் 14 அன்று கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும், 2015இன் தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் ரயில் மீண்டது. இவ்வளவிலும் ஒரு தனியார் முதலாளியின் காசு எங்கே இருக்கிறது என்று மருமகனிடம் கேட்டேன். இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு சதமும் தராத பாதையை மறுபடி போட எந்த வங்கி கடன் கொடுக்கும்? அவன் கணக்காளர். யோசித்துவிட்டு, "கொடுக்காது" என்றான்.

ரயில் வந்த வாரம் அம்மாவை மாங்குளத்தில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போனேன். ஏறுவதற்கு முன் மேடையின் ஓரத்தில் நின்று கீழே குனிந்து பார்த்தார். "எல்லாம் கொங்கிறீற்று. இதற்கு உன் அப்பாவைப் போல ஆட்கள் தேவைப்படாது" என்றார். பிறகு வழி முழுவதும் ஒன்றும் பேசவில்லை.

இதோடு முடித்துவிட்டால் நான் அரச உடைமைக்கு வக்காலத்து வாங்குகிறவன் ஆகிவிடுவேன். மருமகன் விடவில்லை. "அந்தக் கடனை யார் கட்டுகிறார்கள், மாமா?" என்றான். சரியான கேள்வி. கடனையும், ஆண்டுதோறும் வருகிற நட்டத்தையும் திறைசேரி கட்டுகிறது. திறைசேரிக்குப் பணம் வரியில் இருந்து வருகிறது. இந்த நாட்டின் வரியில் பெரும்பகுதி கடையில் பொருள் வாங்கும்போது கொடுக்கிற வரி. 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் சவர்க்காரம் வாங்குகிற பெண்ணும் அதைக் கட்டுகிறாள். அவளுடைய ஊரில் இருந்து மிக அருகில் உள்ள ரயில் நிலையம் எங்கள் மாங்குளம். ஐம்பது கிலோமீற்றர் தூரம். அவள் ஆண்டுக்கு ஒரு தரம் கூட ரயிலேறாமல் இருக்கலாம். கொழும்பின் புறநகரில் இருந்து மலிவான சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போகிறவரின் பயணத்துக்கும் அவள் பங்கு போடுகிறாள். அரச ரயில் ஏழைக்கானது என்று பேசுகிறவர்கள் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். நான் பேச முயன்றேன், முழுதாக முடியவில்லை.

அடுத்தது கணக்கு. இலங்கையில் ரயில் ஒரு திணைக்களம். டிக்கெட் காசு திறைசேரியின் திரட்டு நிதியத்துக்குப் போகிறது. செலவுக்கான பணம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் முடிச்சு இல்லை. ஒரு நிலைய அதிபர் நன்றாக உழைத்து வருமானத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்த நிலையத்தின் ஒழுகும் கூரைக்கு ஓர் ஓடு அதிகம் வராது. கட்டணத்தைத் தீர்மானிப்பது அரசியல். தேர்தல் வருகிறது என்றால் கட்டணம் அசையாது, பராமரிப்புத்தான் தள்ளிப்போகும். இதைச் சீர்செய்ய 1993இல் ரயில்வே அதிகாரசபைச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. தனிக் கணக்கும் தனி நிர்வாகமும் உள்ள அமைப்பாக ரயிலை மாற்றுவது அதன் நோக்கம். இன்றும் ரயில் திணைக்களமாகவே இருக்கிறது.

பொருள் ஏற்றும் விடயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைகிறது. போகம் முடிந்ததும் ஏ9 வீதியில் லொறிகள் வரிசையாகத் தெற்கே போகின்றன. அந்த வீதிக்கு ஒட்டினாற்போல, பல இடங்களில் கூப்பிடு தூரத்தில், உலகத்தரத்தில் போட்ட தண்டவாளம் கிடக்கிறது. ஒரு நாளில் சில ரயில்கள் போகின்றன, மற்ற நேரம் ஆடு மேய்கிறது. முன்பு காங்கேசன்துறைச் சீமெந்து ரயிலில்தான் தெற்கே போயிற்று. அப்பா அந்தச் சரக்கு ரயிலைப் பாரத்தால் அடையாளம் கண்டுகொள்வார், பாதை வேறு விதமாக முனகும் என்பார். இன்று நாட்டின் மொத்தச் சரக்கில் ரயிலில் போவது மிகச் சிறிய பங்கு. ஒரு கம்பனியாக இருந்திருந்தால் நெல் ஆலைக்காரரின் வாசலில் போய் நின்றிருக்கும். இந்த இடத்தில் மருமகனின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, அதை அவனிடமே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் என்னை மிகவும் வருத்துவது, வீதி தண்டவாளத்தைக் கடக்கும் கடவைகள். ரயில் திரும்பி வந்தபோது எங்கள் கிராமங்களின் பாதைகளை அது வெட்டிக்கொண்டு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில் பார்க்காத ஊர். பாதையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பழகிய பிள்ளைகளும் மாடுகளும். பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் போயின. அதற்கு ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். எப்படி நியமிக்கப்பட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பொலிஸ் ஊடாக, நாளொன்றுக்கு 250 ரூபாய் படிக்கு. பல ஆண்டுகள் அந்தத் தொகையே இருந்தது. நிரந்தர நியமனம் கேட்டு வடக்கின் கடவைக் காப்பாளர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். தண்டவாளம் ஒரு திணைக்களத்துடையது, வீதி பிரதேச சபையினுடையது, கடவையில் வெயிலில் நிற்கிறவன் இன்னொரு திணைக்களத்தின் பட்டியலில். மூவரும் அரசுதான். உரிமை கேட்டுப் போனால் மூவரும் அடுத்தவரின் வாசலைக் காட்டலாம். நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் இருந்தபடியால்தான் அரச ரயில் அப்பாவுக்கு அரச ரயிலாக இருந்தது. அதே தண்டவாளத்தில் இன்று நிற்கிறவனுக்கு அது இல்லையென்றால், அவனைப் பொறுத்தவரை அரச உடைமை என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அரசின் சொத்தாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை வன்னி அனுபவித்திருக்கிறது. அரசோடு பகை வந்தால் ரயிலும் பகையின் பொருளாகிவிடும். யாழ்தேவியில் மாணவர்களும் வியாபாரிகளும் போன அதே பெட்டிகளில் சிப்பாய்களும் போனார்கள். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த நாட்களில் அப்பா வேலைக்குப் போகும்போது அம்மா படலையடியில் நின்று, அவர் கண்ணில் இருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். இதை யார் பக்கமும் நின்று எழுதவில்லை. ரயில் எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்ல வேண்டுமானால், அரசு எல்லாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். எங்கள் கையில் கிடைத்த அரசு அப்படி இருக்கவில்லை.

சரி, விற்றவர்களின் கதை என்ன?

மருமகன் வசிப்பது நியூ மோல்டனில். அங்கிருந்து வோட்டர்லூவுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறான். பிரித்தானியா 1948இல் ரயிலை அரசுடைமை ஆக்கியது. 1993இல் சட்டம் போட்டுப் பிரித்து விற்றது. தண்டவாளம் ரெயில்ட்ராக் என்ற கம்பனிக்கு, ஓட்டுவது வேறு கம்பனிகளுக்கு, பெட்டிகள் இன்னும் சிலருக்கு. பயணிகள் தொகை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. அதை மறுக்கக் கூடாது. ஆனால் 2000 ஒக்டோபர் 17 அன்று ஹற்பீல்டில் ஒரு ரயில் தடம் புரண்டு நால்வர் இறந்தார்கள். காரணம் வெடிப்பு விழுந்த தண்டவாளம். அந்தத் துண்டு பழுதானது என்பது முன்னமே தெரிந்திருந்தது, மாற்றப்படாமல் கிடந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களின் கையில் இருந்தது. நாலு மைலை நாள்தோறும் நடந்து பார்த்தவரின் மகன் என்பதால் இதை வாசித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அடுத்த ஆண்டு ரெயில்ட்ராக் முறிந்தது. 2002இல் தண்டவாளம் நெட்வேர்க் ரெயில் என்ற இலாப நோக்கற்ற அமைப்பிடம் போயிற்று. 2024இல் பயணிகள் சேவைகளையும் திரும்ப எடுக்கச் சட்டம் வந்தது. அதன்படி முதலில் அரசின் கைக்கு வந்தது, 2025 மே 25 அன்று, மருமகன் ஏறுகிற சவுத் வெஸ்டேர்ன் ரயில்தான். "உன்னுடைய ரயிலையே அவர்கள் திருப்பி வாங்கிவிட்டார்களே, தம்பி" என்றேன். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, மாமா. கட்டணம் குறையவில்லை" என்றான். அதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

தனியார்மயம் வென்ற கதை என்று எல்லாரும் காட்டுவது ஜப்பானை. அங்கே அரச ரயில் 37 ட்ரில்லியன் யென் கடனில் மூழ்கியிருந்தது. அரசியல்வாதிகள் தங்கள் தொகுதிகளுக்குக் கேட்டுக் கேட்டு வாங்கிய பாதைகள் அந்தக் கடனில் ஒரு பங்கு. 1987 ஏப்ரல் 1 அன்று அதை உடைத்தார்கள். தோக்கியோவையும் ஒசாக்காவையும் வைத்திருக்கிற கம்பனிகள் செழித்தன. நேரம் தவறாத அந்த ரயில்களை உலகம் மெச்சுகிறது. ஆனால் வடக்கே ஹொக்கைடோ என்று ஒரு தீவு இருக்கிறது. பரந்த நிலம், குறைந்த சனம், நகரத்துக்குப் போய்விட்ட இளைஞர்கள். அந்தத் தீவுக்கான கம்பனி இன்று வரை தன் காலில் நிற்கவில்லை, அதன் பங்குகள் இன்னும் அரசு சார்ந்த அமைப்பின் கையில்தான். 2016இல் தன் பாதைகளில் ஏறத்தாழ பாதியைத் தனியாகத் தாங்க முடியாது என்று அது பகிரங்கமாகச் சொன்னது. பிறகு சில பாதைகள் மூடப்பட்டன. ஜப்பானைப் பற்றிப் பேசுகிறபோது நம்மவர்கள் தோக்கியோவைப் பார்க்கிறார்கள். வன்னிக்காரன் ஹொக்கைடோவைப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பஸ்ஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 1958இல் பஸ்கள் எல்லாம் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. 1979இல் இருந்து தனியாரும் ஓட்டலாம் என்றானது. இன்று கொழும்புக்கு இரவில் போகிற சொகுசு பஸ்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, தொலைபேசியில் சொன்னால் இருக்கை வைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் பாடசாலைக்கு உள் வீதியில் பிள்ளைகள் வருவது இ.போ.ச. பஸ்ஸில். சீசன் டிக்கெட் அதில்தான் செல்லும். அது வராத நாட்களில் பிள்ளைகள் வீதியில் நிற்பார்கள். கடந்துபோகும் தனியார் பஸ் ஒன்று, வெள்ளைச் சீருடையைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் கெட்டவர் இல்லை. நாள் முடிவில் முதலாளிக்குக் கட்ட வேண்டிய தொகை அவருடைய தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கிறபோது என் மனதில் உறுதியாக இருப்பது ஒன்று. தண்டவாளம் விற்பனைக்கு வரக் கூடாது. அதன் மேல் ஓடுகிற சில சேவைகளைத் தனியாருக்குக் கொடுப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. சில ஆண்டுகள் மலையகப் பாதையில் அரச ரயிலோடு தனியார் சொகுசுப் பெட்டிகள் இணைத்து ஓடின, ரயிலின் தன்மை அதனால் கெட்டுப்போகவில்லை. நெல்லையும் சீமெந்தையும் ஏற்ற ஒரு கம்பனி சொந்தப் பெட்டிகளோடு வந்தால் நான் வரவேற்பேன். ஆனால் பாதை விற்கப்பட்டால், அடுத்த வெள்ளத்திலோ அடுத்த கலவரத்திலோ முதலில் கைவிடப்படுவது ஓமந்தைக்கு வடக்கேதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் பாதைகளை உடைத்துப் போட்டபோது இந்த எண்ணம் இன்னும் இறுகியது.

உடைமை அரசிடம் இருக்கட்டும், ஆனால் முடிவுகள் எல்லாம் கொழும்பில் இருக்க வேண்டுமா? எங்கள் ஆட்கள் பலர் வாழ்கிற சுவிற்சர்லாந்தில் 1898இல் மக்கள் வாக்களித்து ரயிலை அரசுடைமை ஆக்கினார்கள். அங்கே உள்ளூர் ரயில்களை மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து கேட்டு வாங்குகின்றன. எத்தனை ரயில், எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர் அதன் நட்டத்திலும் பங்கு போடுகிறார். எங்களுக்கு அப்படிக் கேட்க ஒரு வாய் இல்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. சபை இருந்தாலும்கூட ரயில் மத்திய அரசின் விடயம்.

முடியாத காரியம் இல்லை என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு வருகிறவர்கள் தவித்துப்போனார்கள். அந்த ஜூலையில் முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ்ராணி என்ற ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்பைத் தொடாத ரயில். எங்கள் பாடசாலையில் இரண்டு ஆசிரியைகள் அதை நம்பி நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். வடக்கில் தொடங்கி வடக்கிலேயே முடிகிற ஒரு ரயிலை வடக்கின் தேவைக்காக ஓட்டலாம் என்பது நெருக்கடியில்தான் யாருக்கோ தோன்றியிருக்கிறது. நெருக்கடி இல்லாத நாளிலும் அப்படித் தோன்ற வேண்டும். நேர அட்டவணை போடும்போது எங்கள் மாவட்டங்களையும் கேட்க வேண்டும். வடக்குப் பாதையின் வரவையும் செலவையும் தனியாக எழுதி மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும். நட்டம் என்றால் எவ்வளவு, எதனால் என்று எங்களுக்கும் தெரியட்டும். கிளிநொச்சியிலோ பரந்தனிலோ நெல் மூட்டை ஏற்றுவதற்கு ஒரு பக்கப் பாதையும் கொட்டகையும் வேண்டும். கடவையில் நிற்கிறவர்கள் ரயில்வேயின் ஆட்களாக, ஓய்வூதியத்தோடு, நியமிக்கப்பட வேண்டும். இதில் எதுவும் அரச உடைமைக்கு எதிரானதில்லை.

மருமகன் புறப்படுவதற்கு முதல் நாள், அம்மப்பா நடந்த நாலு மைலைப் பார்க்க வேண்டும் என்றான். விடியற்காலையில் பாதையோரத்து ஒற்றையடித் தடத்தில் நடந்தோம். பனி இன்னும் காயவில்லை. ஒரு மைல் தாண்டியதும் கடவை வந்தது. தகரக் கொட்டிலுக்குள் இருந்து காப்பாளர் கையில் கொடியோடு வெளியே வந்தார். என்னிடம் படித்தவர். "சேர், நில்லுங்கள், தெற்கே இருந்து வருகிறது" என்று சொல்லிவிட்டுக் குறுக்குத் தடியை இறக்கினார். மறுபக்கத்தில் ஒரு மாட்டுப்பட்டியும், சைக்கிளில் ஒரு சிறுமியும் காத்து நின்றார்கள்.

ரயில் வந்தது. மருமகன் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தான். யன்னலோரத்தில் யாரோ கையசைத்ததாகப் பிறகு சொன்னான். நான் காணவில்லை. நான் குனிந்து சில்லையும் சிலிப்பரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லி லேசாக அதிர்ந்தது. கொங்கிறீற்று இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசிப் பெட்டி போனதும் காப்பாளர் தடியைத் தூக்கினார். முதலில் மாடுகள் கடந்தன.